தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயில் மாற்றம்: ராம்ப், ஜாக், குவிக்ஜாக், சர்வீஸ் கடை – எதை நம்பலாம்?

ஷெவர்லே கார்வெட்டின் சி5, சி6 தலைமுறைகள் போன்ற ஒரு காரில் ஆயில் மாற்றுவது சுலபமான வேலை. ஒரு போல்ட், ஒரு ஃபில்டர், அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் அந்த போல்ட்டுக்குக் கை போவதற்கு முன்பே வந்துவிடுகிறது. முன்பம்பருக்கு அடியில் தொங்கும் ஏர் டேம் ராம்ப்பில் மாட்டிக் கிழிகிறது. லிஃப்ட்டின் கை பக்கவாட்டு ஃபைபர் பேனலை நசுக்குகிறது. சாதாரண ஜாக் காருக்கு அடியில் நுழைவதே இல்லை. விலை உயர்ந்த ஆயிலைத் தேடி மணிக்கணக்கில் படிப்பவர்கள், கார் எதன் மேல் நிற்கப் போகிறது என்பதில் அதில் பாதி நேரம் செலவிட்டாலே போதும். இந்த விமர்சனமும் பெரும்பாலும் தூக்குவதைப் பற்றியதுதான்.

அமெரிக்காவில் இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் வீட்டு கராஜிலேயே வேலையை முடிப்பது வழக்கம். அங்கே கிடைக்கும் சாமான்களையும், வெளியே கொடுத்துச் செய்வதானால் எந்த வகைக் கடை ஏற்றது என்பதையும் வரிசையாகப் பார்க்கலாம். அளவுகோலாக கார்வெட்டை எடுத்துக்கொள்கிறோம். மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா 86, போர்ஷே பாக்ஸ்டர் ஆகியவை வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்கிறோம்.

முதலில் ஒரு டேப் எடுங்கள்

எந்தச் சாமானையும் வாங்குவதற்கு முன் மூன்று அளவுகள் வேண்டும். ஏர் டேமின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம்? அந்த விளிம்பிலிருந்து முன்டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு தூரம்? பக்கவாட்டில் ஜாக் வைக்க வேண்டிய இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? பெட்ரோல் நிரப்பி, வழக்கமான காற்றழுத்தத்தில், சமதரையில் நிறுத்தி அளக்க வேண்டும். ஸ்பிரிங்கைத் தாழ்த்தியிருந்தால் கம்பெனி புத்தகத்து எண் உதவாது.

ராம்ப் ஏறுமா என்பதை இந்த அளவுகளே சொல்லிவிடும். 17 டிகிரி சரிவு, ஒவ்வொரு 10 செ.மீ. தூரத்துக்கும் சுமார் 3 செ.மீ. உயரும். 10.8 டிகிரி சரிவு, அதே தூரத்துக்கு 1.9 செ.மீ. மட்டுமே உயரும். ஏர் டேம் டயருக்கு 45 செ.மீ. முன்னால், தரையிலிருந்து 11 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் ராம்ப்பைத் தொடும் நேரத்தில் அந்த இடத்தில் 17 டிகிரி ராம்ப் கிட்டத்தட்ட 13.8 செ.மீ. உயர்ந்திருக்கும், கண்டிப்பாக இடிக்கும். 10.8 டிகிரி ராம்ப் 8.6 செ.மீ.தான் உயர்ந்திருக்கும், இரண்டு விரல் அளவு இடம் மிஞ்சும். பம்பரின் முனைக்கும் இதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். முனை உயரமாக இருந்தாலும் தூரம் அதிகம் என்பதால் சில கார்களில் அதுதான் முதலில் இடிக்கும்.

பிளாஸ்டிக் ராம்ப்

எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும் ரைனோகியர் வகை ராம்ப்பின் சரிவு 17 டிகிரி. பெட்டியில் தாழ்ந்த வண்டிகளுக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கும். செடானுக்குச் சரி, கார்வெட்டுக்குச் சரியில்லை. முன்னால் மரப்பலகையை நீட்டி வைத்துச் சமாளிக்கலாம். அமெரிக்க மரக்கடையில் 2x10 என்று விற்கும் பலகையின் உண்மையான தடிமன் 38 மி.மீ. அதில் ஒன்றை ராம்ப்பின் அடிவாயில் போட்டால் டயர் முன்கூட்டியே உயர்ந்து ஏர் டேம் தப்பிக்கும். ஆனால் பலகையும் ராம்ப்பும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாமல் இருந்தால் ஏறும்போது விலகும்.

இந்த ராம்ப்புகளின் பெரிய குறை வழுக்கல். பின்சக்கர இயக்கக் காரில் முன்சக்கரம் தானாக ஏறுவதில்லை. பின்னாலிருந்து வரும் தள்ளுதல்தான் அதை ஏற்றுகிறது. அந்தத் தள்ளுதல் முழுவதும் ராம்ப்பின் மேல் விழுவதால், எப்பாக்ஸி பூசிய வழுவழுத் தரையில் ராம்ப் முன்னோக்கிச் சறுக்குகிறது. ஓட்டுபவர் இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கிறார். ராம்ப் திடீரென்று பிடித்துக்கொள்கிறது. கார் தாவி மறுபக்கம் இறங்கிவிடுகிறது. ராம்ப்பின் அடியில் ரப்பர் விரிப்பு போடுவதும், அதன் முன்விளிம்பைச் சுவரோடு ஒட்டிய ஒரு நீளக் கட்டையால் முட்டுக்கொடுப்பதும் இதைத் தடுக்கும். வெளியே ஒருவர் நின்று கைகாட்டாமல் ஏற்றவே கூடாது. அவர் நிற்க வேண்டியது பக்கவாட்டில், காருக்கு முன்னால் அல்ல.

ஃபோம் ராம்ப்

ரேஸ் ராம்ப்ஸ் என்ற பெயரில் வருபவை அடர்த்தியான ஃபோமின் மேல் கெட்டியான பூச்சு கொடுத்துச் செய்தவை. பல மாடல்களில் சரிவு 10.8 டிகிரி. பார்க்க லேசாக இருந்தாலும் எடையைத் தாங்குகின்றன. ஒரு கையில் தூக்கி சுவரில் மாட்டிவிடலாம். அடிப்பக்கம் ரப்பர் போல் பிடிப்பதால் சுத்தமான தரையில் நகர்வதில்லை. தூசியும் ஆயிலும் படிந்த தரையில் அந்தப் பிடிப்பு போய்விடும், துடைத்துவிட்டு வையுங்கள்.

இரண்டு துண்டாகப் பிரியும் மாடலைத்தான் வாங்க வேண்டும். கார் மேலே ஏறி நின்ற பிறகு சரிவுத் துண்டைக் கழற்றிவிட்டால் பக்கவாட்டில் படுத்து நுழைய இடம் கிடைக்கிறது. ஒரே துண்டாக வருவது மலிவு, ஆனால் நீளச் சரிவு உங்கள் தோளுக்கும் ஆயில் தட்டுக்கும் குறுக்கே நிற்கும்.

குறை என்று பார்த்தால், கூர்மையான எதுவும் பூச்சைக் கிழிக்கும். ஆயில் சிந்தினால் உடனே துடைக்காவிட்டால் அடுத்த முறை டயர் வழுக்கும். இன்னொன்று, ராம்ப்பில் முன்பக்கம் மட்டுமே உயர்கிறது. எஞ்சின் முன்னால் இருக்கும் கார்வெட்டுக்கும் எம்எக்ஸ்-5க்கும் இதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் போல்ட், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் பானின் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். பின்முனையில் இருந்தால் மூக்கை உயர்த்துவது வடிவதற்கு உதவியே. முன்முனையில் இருந்தால் பழைய ஆயில் பின்னால் தேங்கி நிற்கும், காரைச் சமமாக்காமல் முழுவதும் வடியாது. எஞ்சின் நடுவில் இருக்கும் பாக்ஸ்டர், கேமன் கார்களுக்கு முன்ராம்ப் மட்டும் போதாது. நான்கு மூலையும் சமமாக உயர வேண்டும்.

ஏர் டேம் பற்றி ஒரு வார்த்தை. சி5, சி6 கார்வெட்டில் ரேடியேட்டருக்கான காற்று பெரும்பாலும் கீழிருந்துதான் போகிறது. ஏர் டேம் அந்தக் காற்றை மேலே திருப்பும் உறுப்பு, அலங்காரமல்ல. முன்னோக்கிப் போகும்போது தரையில் உரசினால் வளைந்துகொடுக்கும், கவலையில்லை. ராம்ப்பிலிருந்து ரிவர்ஸில் இறங்கும்போது விளிம்பில் மாட்டினால்தான் மடங்கிக் கிழிகிறது. கிழிந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள், நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடு ஏன் ஏறுகிறது என்று பிறகு தேடுகிறார்கள்.

தாழ்ந்த ஜாக்

ஜாக்கின் கிண்ணம் முழுதாக இறங்கிய நிலையில் 9 செ.மீ.க்கு மேல் இருந்தால் இந்தக் கார்களுக்கு வாங்காதீர்கள். உயரம் மட்டும் போதாது. தாழ்ந்த ஜாக்குகளில் பல முன்னால் தாழ்ந்து, கைப்பிடி பொருந்தும் பின்பகுதியில் உயர்ந்திருக்கும். முன் குறுக்குச் சட்டத்தை எட்ட வேண்டுமானால் ஜாக்கின் உடல் முழுக்க பம்பருக்கு அடியில் போக வேண்டும். அதனால் நீளக் கை கொண்டதாகவும் பார்க்க வேண்டும். அலுமினிய ஜாக் தூக்கிச் செல்ல லேசு. எஃகு ஜாக் கனமானாலும் அதிக காலம் உழைக்கும். ஒரே கராஜில் நின்று வேலை செய்யும் ஜாக்குக்கு எஃகே என் தேர்வு.

ஜாக் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ளாததால் நடக்கும் விபத்து ஒன்று உண்டு. கிண்ணம் நேராக மேலே போவதில்லை, வளைவாக நகர்கிறது. அதை ஈடுகட்ட ஜாக் தன் சக்கரங்களில் உருள வேண்டும். தரை விரிசலில் ஒரு கல் துணுக்கு கிடந்து சக்கரம் சிக்கிக்கொண்டால், ஜாக் நகராமல் கிண்ணம் காரின் அடியில் இழுபடும். காரே பக்கவாட்டில் இழுக்கப்படும். தூக்கும் முன் தரையைப் பெருக்குங்கள். தூக்கும்போது ஜாக்கின் சக்கரம் உருள்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தார்த் தரையில் ஜாக் சக்கரமும் ஸ்டாண்டின் காலும் பதிந்துவிடும், கோடைக்காலத்தில் இன்னும் மோசம். அங்கே தடித்த பிளைவுட் போடாமல் தூக்கக் கூடாது.

எங்கே வைப்பது என்பது காருக்குக் கார் மாறும். சி5, சி6 கார்வெட்டில் பக்கவாட்டுச் சட்டத்தில், முன்சக்கரத்துக்குப் பின்னாலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும் நீள்வட்டத் துளைகள் இருக்கும். அந்தத் துளையில் நுழைத்துத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் வட்டமான பக் தனியாக விற்கிறார்கள். நான்கும் சேர்ந்து ஒரு நல்ல ஆயில் ஜாடியின் விலைதான் இருக்கும். கார்வெட் வைத்திருப்பவர் வாங்க வேண்டிய முதல் பொருள் இதுவே. பக் இல்லாமல் வைத்தால் ஜாக்கின் விளிம்பு சட்டத்தைத் தாண்டி வெளியே நீண்டு, பக்கத்து பேனலில் அழுத்தும். அது உடைவதற்கு அதிக நேரம் ஆகாது. சக்கரங்களுக்கு இடையே குறுக்காக ஓடும் ஃபைபர் இலை ஸ்பிரிங்கை, எவ்வளவு வசதியான இடமாகத் தெரிந்தாலும், தொடவே கூடாது. அதன் மேல்பரப்பில் விழும் ஒரு கீறல் பின்னால் விரிசலாக வளரும்.

எம்எக்ஸ்-5க்கு முன்னால் நடுக் குறுக்குச் சட்டமும் பின்னால் டிஃபரென்ஷியலும் ஜாக் வைக்க ஏற்ற இடங்கள். பக்கவாட்டில் தகரம் மடித்து வெல்டு செய்த விளிம்பில் வைப்பதானால், நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை வேண்டும். பழைய எம்எக்ஸ்-5களில் அந்த விளிம்பு நசுங்கி, பூச்சு உரிந்து, அங்கிருந்துதான் துரு பிடிக்கத் தொடங்குகிறது. போர்ஷேவில் பக்கத்துக்கு இரண்டு வட்டமான ரப்பர் இடங்கள். பின்பக்க இடத்தில் தூக்கினால் அந்தப் பக்கத்து முன்சக்கரமும் சேர்ந்து எழும். ஜாக் இருக்கும் இடத்திலேயே ஸ்டாண்டையும் வைக்க வேண்டிய நிலை அங்கே வருகிறது. ரென்ஸ்டாண்ட் போன்ற, ஜாக் தூக்கிய இடத்திலேயே காலை ஊன்றி நிற்கும் ஸ்டாண்ட் அதற்குத் தீர்வு. விலை அதிகம்தான். சாதாரண ஸ்டாண்டைத் தவறான இடத்தில் வைத்து அடிச்சட்டத்தை வளைப்பதைவிட மலிவு.

ஆயில் பானில் ஜாக் வைப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை என்று நினைக்கலாம், ஆனாலும் நடக்கிறது. டொயோட்டா 86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட் கார்களில் பான் கேஸ்கெட் இல்லாமல் சீலன்ட் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. அங்கே அழுத்தினால் பசை விட்டு ஒழுகத் தொடங்கும். 2022 மாடலில் தொழிற்சாலையில் அதிகமாகப் பூசிய பசை உள்ளே பிய்ந்து, ஆயில் உறிஞ்சும் வலையில் சேர்ந்திருந்ததைப் பலர் பானைக் கழற்றிக் கண்டிருக்கிறார்கள். பானைச் சுற்றியுள்ள எதையும் அந்தக் காரில் அலட்சியமாகக் கையாளக் கூடாது.

ஸ்டாண்ட்

ஜாக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஜாக்கின் உள்ளே இருக்கும் ஒரு சிறிய ரப்பர் வளையம் தேய்ந்தாலே கார் இறங்கிவிடும். அதை நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது.

பழைய ஸ்டாண்ட் கராஜில் கிடந்தால் மாடல் எண்ணைப் பாருங்கள். 2020இல் ஹார்பர் ஃப்ரைட் கடையின் பிட்ஸ்பர்க் ஸ்டாண்டுகள், 3 டன்னில் 61196, 56371, 6 டன்னில் 61197 என்ற எண்கள் கொண்டவை, திரும்பப் பெறப்பட்டன. பல்லில் கொக்கி முழுதாகப் பொருந்தாமல் திடீரென்று இறங்கும் அபாயம் இருந்தது. அதே ஆண்டில், மாற்றாகக் கொடுத்த 56373 எண் ஸ்டாண்டும் வெல்டிங் குறையால் திரும்பப் பெறப்பட்டது. இரண்டாம் கையாக வாங்குபவர்களிடம் இவை இன்னும் வந்துசேரலாம். இரும்புக்கடைக்குப் போடுங்கள், வேறொருவருக்கு விற்காதீர்கள்.

புதிதாக வாங்கினால், பல்லோடு சேர்த்துக் குறுக்கே ஒரு ஊசியும் மாட்டும் வகை, மேல்தலை தட்டையாக, ரப்பர் பதித்தது. கத்தி முனை போல் V வடிவத் தலை கொண்டது லாரிகளின் அச்சுக்காகச் செய்தது. அது பக்கின் மேல் உட்காராது. கார் ஸ்டாண்டில் இறங்கிய பிறகு, அடியில் போவதற்கு முன், பக்கவாட்டில் நின்று பம்பரை உறுதியாகத் தள்ளிப் பாருங்கள். அசைவதானால் அப்போதே அசையட்டும். கழற்றிய சக்கரமோ தடித்த மரக்கட்டையோ ஒன்று சட்டத்துக்கு அடியில் எப்போதும் கிடக்க வேண்டும். கைப்பிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அது பயன்படாது, முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் அடைக்கட்டை போட வேண்டும்.

குவிக்ஜாக்

செலவழிக்க மனமிருந்தால் இதுதான். இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் ஹைட்ராலிக் குழாய்கள், ஒரு சின்ன மோட்டார் பெட்டி. சட்டம் மடிந்த நிலையில் சுமார் 7.5 செ.மீ. உயரம்தான். காரின் இரு பக்கமும் அடியில் தள்ளி, ஜாக் இடங்களுக்கு நேராக ரப்பர் கட்டைகளை வைத்து, பொத்தானை அழுத்தினால் முழுக் காரும் சமமாக எழுகிறது. போர்ஷே, கார்வெட் இரண்டுக்கும் இதைவிடப் பொருத்தமான வீட்டுச் சாமான் வேறில்லை. கார் சமமாக நிற்பதால் ஆயில் முழுதாக வடிகிறது. காரின் நடுப்பகுதி முழுக்கத் திறந்து கிடக்கிறது. எடையைத் தாங்குவது ஹைட்ராலிக் அழுத்தம் அல்ல, இரும்புப் பூட்டு. பூட்டில் இறக்கி உட்கார வைத்த பிறகே அடியில் போக வேண்டும். பூட்டு மாட்டாமல் பாதி உயரத்தில் நிறுத்தி வேலை செய்வது மிகப் பெரிய தவறு.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியது நீளம். முன், பின் ஜாக் இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, அந்த மாடலின் தாங்கும் தட்டுக்குள் அது அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காதவர்களுக்காக நீட்டித்த மாடலும் உண்டு. கட்டை தட்டின் ஓரத்தில் பாதி தொங்கியபடி நிற்பது, எடை அளவு எவ்வளவு அதிகமாக இருந்தாலும், ஏற்கத்தக்கதல்ல.

கார் எழும்போது சட்டம் வளைவாக உயர்வதால் கார் முன்னோ பின்னோ ஓரடிக்கும் மேல் நகரும். சுவரை ஒட்டி நிறுத்திவிட்டுத் தூக்கினால் பம்பர் சுவரில் போய் முட்டும். முதல் முறை பொருத்தும்போது குழாய்களில் காற்று தங்கியிருக்கும். ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தி எழும். கார் இல்லாமல் பலமுறை ஏற்றி இறக்கி, காற்றை வெளியேற்றி, இரண்டும் ஒரே வேகத்தில் எழுகின்றனவா என்று பார்த்த பிறகே காரை ஏற்றுங்கள். சட்டம் ஒவ்வொன்றும் நல்ல கனம். இடுப்பு வலி உள்ளவர்கள் சக்கரம் வைத்து இழுக்கும் வசதியைப் பார்க்க வேண்டும். விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவதற்காக மட்டும் இது தேவையில்லை. பிரேக், டயர், கியர் ஆயில் என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே பார்ப்பவருக்குத் தேவை.

வால்வும் உறிஞ்சியும்

ட்ரெய்ன் போல்ட்டுக்குப் பதிலாக மாட்டும் ஃபுமோட்டோ வால்வு, நெம்புகோலைத் திருப்பினாலே ஆயிலை வடிக்கும். உயரமான வண்டிகளில் நல்ல பொருள். தாழ்ந்த காரில், அதிலும் போல்ட் நேர்க்கீழே பார்த்திருக்கும் பானில், அது காரின் மிகத் தாழ்ந்த உறுப்பாகிவிடும். வேகத்தடையோ, சாலையில் கிடக்கும் டயர்த் துண்டோ தட்டினால் முழு ஆயிலும் சாலையில்தான். பரிந்துரைக்க முடியாது.

மேலிருந்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) குழாய் வழியாக உறிஞ்சும் கருவி, காரைத் தூக்கும் தேவையையே நீக்குகிறது. 86 காரில் ஃபில்டர் எஞ்சினின் மேலேயே இருப்பதால் இது ஆசை காட்டும். குழாய் பானின் அடியைத் தொடுகிறதா என்பதே கேள்வி. உறிஞ்சியதை அளந்து, புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அரை லிட்டர் குறைந்தால் அது உள்ளே தங்கிய அழுக்கு. டிப்ஸ்டிக்கே இல்லாத 987 தலைமுறை பாக்ஸ்டருக்கு இந்த வழி கிடையாது. இன்னொன்று, மேலிருந்தே வேலையை முடித்தால் அடியில் ஒழுகல், கிழிந்த ரப்பர் உறை, உரசிய குழாய் எதையும் யாரும் பார்க்கப் போவதில்லை.

அடியில் போன பிறகு

எஞ்சினை ஐந்து, பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள்; கை சுடும் அளவுக்கு அல்ல. தாழ்ந்த காரில் முகத்துக்கும் போல்ட்டுக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. கண்ணாடி அணியாமல் திறக்காதீர்கள். ஆயில் நிரப்பும் மூடியை முதலில் மேலே திறந்து வைத்தால் ஆயில் சீராக வடியும்.

இந்தக் கார்களின் பான் பெரும்பாலும் அலுமினியம். முறுக்கு மிஞ்சினால் மரை போய்விடும், பிறகு முழு பானையே மாற்ற வேண்டி வரும். கார்வெட்டின் ட்ரெய்ன் போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் போதும். எம்எக்ஸ்-5க்கு 30 முதல் 41, 86க்கு சுமார் 42, பாக்ஸ்டருக்கு 50. கார்வெட்டுக்குப் பழகிய கை பாக்ஸ்டரை இறுக்காமல் விடும், பாக்ஸ்டருக்குப் பழகிய கை கார்வெட்டின் மரையைத் தின்றுவிடும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் செய்யாதீர்கள். நசுங்கும் வாஷர் உள்ள கார்களில் ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள்.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினில் ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டால், புது ஃபில்டரின் வளையம் அதன் மேல் உட்காரும்; எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் இரண்டு ரப்பரும் நழுவி, சில நொடிகளில் லிட்டர் கணக்கில் ஆயில் கொட்டும். புதிய வளையத்தில் ஆயில் தடவி, தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று கையால் இறுக்கினால் போதும். கார்வெட்டில் 2007க்கு முன் வந்த எல்எஸ் எஞ்சின்களுக்கு ஏசி டெல்கோ பிஎஃப்46, அதற்குப் பிந்தையவற்றுக்கு பிஎஃப்48. இரண்டின் மரை அளவும் வேறு. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் பழைய பெட்டியை வைத்து வாங்கிவிடாதீர்கள். பழைய எம்எக்ஸ்-5இல் ஃபில்டர், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கழற்றும்போது வழியும் ஆயில் குறுக்குச் சட்டத்தில் தேங்கும். துணியைத் திணித்து வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஒழுகல் என்று நினைத்து மறுபடியும் தூக்குவீர்கள். 986, 987 பாக்ஸ்டரில் ஃபில்டர் மூடியைத் திறக்க 74 மி.மீ., 14 பட்டை கொண்ட கிண்ணம் வேண்டும். இறுக்க 25 நியூட்டன் மீட்டர். அந்தக் காகித ஃபில்டரை விரித்துப் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள். பளபளக்கும் இரும்புத் துகள்கள் தெரிந்தால், ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினின் உள்ளே இடைத்தண்டைத் தாங்குவது) கெட்டுப்போகத் தொடங்கியதற்கான முதல் தடயம் அதுவாக இருக்கலாம்.

சர்வீஸ் கடைகள்

குழி கடை: வால்வோலின் இன்ஸ்டன்ட் போன்ற, காரை ஓட்டிவந்து குழியின் மேல் நிறுத்தும் கடைகளில் ஜாக் அபாயமே இல்லை. காரைத் தூக்குவதில்லை, நீங்களும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். தாழ்ந்த காருக்கு இது உண்மையில் நல்ல வழி, இரண்டு நிபந்தனைகளோடு. நுழைவாயிலின் மேடும், குழியின் ஓரத்தில் டயருக்கு வழிகாட்டும் இரும்புப் பட்டையும் உங்கள் ஏர் டேமுக்குக் கீழே இருக்க வேண்டும். வண்டியை விடுவதற்கு முன் இறங்கிப் போய்ப் பார்த்துவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, ஆயிலின் அளவு. வேகமாக வேலை செய்யும் கடையில் ஐந்து குவார்ட் என்பது கைப்பழக்கம். சி5 கார்வெட்டுக்கு ஃபில்டரோடு 6.5 குவார்ட், அதாவது சுமார் 6.15 லிட்டர் வேண்டும். சி6இன் எல்எஸ்2 எஞ்சினுக்கு 5.5. 2006 இசட்06 மாடலின் டிரை சம்ப்புக்கு (ஆயிலைப் பானில் வைக்காமல் தனித் தொட்டியில் வைக்கும் அமைப்பு) 8. 2009க்குப் பிறகு வந்த டிரை சம்ப்புகளுக்கு 10.5. டிரை சம்ப்பில் பானை மட்டும் வடித்து, தொட்டியை வடிக்காமல் முழு அளவையும் ஊற்றினால் ஆயில் மிஞ்சி, காற்று இழுக்கும் குழாய் வழியாக எஞ்சினுக்குள் போகும். குளிர்ந்த எஞ்சினில் டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஆயில் குறைவு என்று மேலும் ஊற்றுவதும் அதே ஆபத்து. டிரை சம்ப்பில் அளவு பார்ப்பது எஞ்சின் நன்றாகச் சூடாகி நிறுத்திய பிறகுதான். உங்கள் காருக்கு வேண்டிய ஆயிலின் அளவையும் கிரேடையும் ஒரு தாளில் எழுதி, ஸ்டியரிங்கில் ஒட்டிக் கொடுங்கள். வாயால் சொன்னது குழிக்குள் இருப்பவரின் காதுக்குப் போவதில்லை.

இரண்டு தூண் லிஃப்ட் கடை: திறமையுள்ள மெக்கானிக் இருந்தால் மிகச் சிறந்தது, இல்லாவிட்டால் மிக ஆபத்தானது. லிஃப்ட்டின் கை காரின் அடியில் நுழையக்கூட இடமில்லாத கார்கள் உண்டு. நல்ல கடையில் பலகை போட்டு, காரை அதன் மேல் ஏற்றிய பிறகே கையை நுழைப்பார்கள். முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: உங்களிடம் கார்வெட் பக் இருக்கிறதா, நானே கொண்டு வரவா? பக் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால் வேறு கடையைத் தேடுங்கள். உங்கள் பக்குகளை முன்கூட்டியே மாட்டிவிட்டுக் கொண்டுபோவது இன்னும் நல்லது. நடு எஞ்சின் கார்களில் எடை பின்னால் சாய்ந்திருப்பதால், ஒரு சாண் தூக்கி நிறுத்தி, ஆட்டிப் பார்த்து, பிறகே மேலே ஏற்ற வேண்டும். அதைச் செய்கிறார்களா என்று நின்று கவனியுங்கள்.

நான்கு தூண் லிஃப்ட் கடை: டயரிலேயே கார் நிற்பதால் சட்டத்தைத் தொடவே வேண்டாம். ஏறும் சரிவு மட்டும் இடிக்காமல் இருந்தால், வெளியே கொடுப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுவே. வீல் அலைன்மென்ட் செய்யும் கடைகளில் இந்த லிஃப்ட் இருக்க வாய்ப்பு அதிகம், அங்கே ஆயில் மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

எந்தக் கடையானாலும் காரை எடுப்பதற்கு முன் நான்கு விஷயங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஆயில் அழுத்தம் காட்டுகிறதா என்று பாருங்கள். நிறுத்தி, சில நிமிடம் கழித்து உங்கள் கண்ணாலேயே அளவைப் பாருங்கள். அடியில் ஒரு அட்டையைப் போட்டுச் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். கழற்றிய அடிப்பலகைகளின் கிளிப்புகள் எல்லாம் திரும்ப மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று கைவிட்டுத் தடவுங்கள். ஒன்று குறைந்தாலும் நெடுஞ்சாலைக் காற்றில் பலகை தொங்கிச் சாலையில் உரசும். வீட்டில் செய்தால் இதே நான்கையும் நீங்களே செய்து, மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் போல்ட்டையும் ஃபில்டரையும் டார்ச் அடித்து மறுபடி பாருங்கள். பழைய ஆயிலை மூடியுள்ள ஜாடியில் அடைத்துக் கொண்டுபோனால் ஆட்டோசோன், ஓ'ரைலி கடைகளில் பெரும்பாலும் காசு வாங்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். கூலன்ட்டோ பெட்ரோலோ கலந்திருந்தால் வாங்க மாட்டார்கள், தனி ஜாடியில் வையுங்கள்.